சொந்த வண்டி, தொழில் ஓட்டம்: வாசகர்களின் வரிக் கேள்விகள்

வண்டி தம் பெயரில் இருக்கிறது, ஆனால் ஓடுவது பெரும்பாலும் தொழிலுக்காக. அதன் செலவைக் கணக்கில் எழுதலாமா என்று பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. சூழ்நிலை வேறுபடும் ஆறு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் பற்றியவை என்பதால், பதில்களில் வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதை, அடுத்த ஆண்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஜவுளிக் கடை நடத்துகிறேன். 2025 மே மாதம் என் பெயரில் ஒரு கார் வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் சரக்குப் பார்க்கச் சேலம், கரூர் என்று போய்வருகிறேன். மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கோயில், கல்யாணம் என்று போகவும் அதே கார்தான். ஆர்.சி. புத்தகத்தில் கடையின் பெயர் இல்லாததால் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் எழுத முடியாது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரியல்ல. தனி உரிமையாளர் நடத்தும் கடையில், கடை வேறு, நீங்கள் வேறு என்று வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. இருவருக்கும் பான் எண் ஒன்றே. உங்கள் பெயரில் இருக்கும் கார் கடையின் உரிமையாளருடைய கார்தான். ஆகவே ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பது உங்கள் விஷயத்தில் கேள்வியே அல்ல. அந்தக் கார் எவ்வளவு தூரம் தொழிலுக்காக ஓடியது, அதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

தொழிலுக்குப் பயன்படும் வாகனத்துக்கு 32ஆம் பிரிவின்படி தேய்மானம், அதாவது வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதற்காக வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, உண்டு. வாடகைக்கு ஓடாத காருக்கு ஆண்டு விகிதம் 15 சதவீதம். டாக்ஸி, லாரி, பஸ் என்று வாடகைக்கே ஓடும் வண்டிகளுக்கு 30 சதவீதம். ஒரே வண்டி வீட்டுக்கும் கடைக்கும் பயன்படும்போது 38ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு குறுக்கே வருகிறது: தொழிலுக்குப் பயன்பட்ட நியாயமான பங்குக்கு மட்டுமே தேய்மானமும் பழுதுபார்ப்புச் செலவும் காப்பீட்டுப் பிரீமியமும் கழிவாகும். அந்தப் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் மதிப்பீட்டு அலுவலரிடம் இருக்கிறது. நீங்கள் ஆதாரத்தோடு ஒரு பங்கைச் சொல்லாவிட்டால் அவர் தம் அனுமானப்படி ஒன்றைச் சொல்வார். அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாழ்நாள் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேர்த்துக் காரின் அடக்கம் 9,00,000 ரூபாய் என்று கொள்வோம். நிதியாண்டில் கார் ஓடிய மொத்தத் தூரம் 18,000 கிலோமீட்டர், அதில் தொழிலுக்காக ஓடியது 12,600 கிலோமீட்டர் என்றால், தொழிற்பங்கு 70 சதவீதம். முழுத் தேய்மானம் 1,35,000 ரூபாய். அதில் 70 சதவீதமான 94,500 ரூபாய் உங்களுக்குக் கழிவாகக் கிடைக்கும். அடுத்த ஆண்டுக்கான தொடக்க மதிப்பைக் கணக்கிடும்போது பலரும் முழு 1,35,000 ரூபாயையும் கழித்துவிடுகிறார்கள். சட்டம் கழிக்கச் சொல்வது உண்மையில் அனுமதிக்கப்பட்ட தேய்மானத்தை. ஆகவே எஞ்சிய மதிப்பு 8,05,500 ரூபாய் என்று எழுதுவதே சரி. மே மாதத்தில் வாங்கியதால் உங்களுக்கு முழு ஆண்டு விகிதம் கிடைக்கிறது. 2025 அக்டோபர் 4ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கி ஓட்டத் தொடங்கியிருந்தால், 180 நாட்களுக்குக் குறைவான பயன்பாடு என்ற கணக்கில் பாதி விகிதம்தான்.

பெட்ரோல், சர்வீஸ், டயர், காப்பீடு, ஓட்டுநர் சம்பளம், வண்டிக் கடனுக்கான வட்டி ஆகியவற்றிலும் அதே 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். கடன் தவணையில் அசலாகப் போகும் தொகை செலவாகாது. தவணை முழுவதையும் செலவில் எழுதிவிட்டு வருந்துகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். போக்குவரத்து விதியை மீறியதற்கான அபராதத்தை, அது சரக்கு வாங்கப் போன வழியில் விழுந்ததாக இருந்தாலும், கழிக்க முடியாது. காரின் விலையில் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்தத் தொகை அடக்க விலையில் சேராது. புதிய வரி முறையைத் தேர்ந்தால் வாகனத் தேய்மானம் போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மேலே சொன்னவை புதிய முறையிலும் கிடைக்கும்.

இனி, 12,600 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. என்னிடம் கணக்குக் கொண்டுவரும் மஞ்சள் வியாபாரி ஒருவர் காரின் முன்பெட்டியில் நூறு பக்க நோட்டு ஒன்றை நூலில் கட்டிய பேனாவோடு வைத்திருக்கிறார். ஒரு பயணத்துக்கு ஒரு வரி எழுதுவார். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் அந்த வரி இப்படி இருக்கும்: “14.6.2025, சேலம், துண்டு ரகம் பார்க்க, புறப்படும்போது 2,318, திரும்பியபோது 2,452.” இந்த ஒரு வரிக்குப் பின்னால் வைகுந்தம் சுங்கச்சாவடியில் அதே தேதியில் பாஸ்டேக் பிடித்த பணமும், அன்றைய கொள்முதல் பில்லும் இருந்தால் எந்த அதிகாரியும் மேற்கொண்டு கேட்க மாட்டார். வீட்டுப் பயணங்களை எழுத வேண்டியதில்லை. ஏப்ரல் 1ஆம் தேதியும் மார்ச் 31ஆம் தேதியும் ஓடோமீட்டர் காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டால் மிச்சம் தானாகவே தெரிந்துவிடும். உங்களைப் போல ஆண்டின் இடையில் வண்டி வாங்கியவர்கள், வண்டியை எடுத்த நாளின் எண்ணைத் தொடக்கமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் போய்வரும் தூரத்தைச் சொந்தப் பயன்பாட்டில் சேர்ப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் எழுதுகிறார்கள். அது அமெரிக்க வரி நடைமுறை. நம் நாட்டில் வியாபாரிக்கு அப்படியொரு விகிதம் இல்லை. உண்மையான செலவு, அதில் உண்மையான பங்கு, இவ்விரண்டும்தான்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஆண்டு வரவு 60 லட்சம் ரூபாய். 44ஏடி பிரிவின்படி உத்தேச லாபம் காட்டித்தான் வரி கட்டிவருகிறேன். துணி எடுத்துவரும் வேனின் செலவையும் தேய்மானத்தையும் அந்த லாபத்திலிருந்து தனியே கழிக்கலாமா?

பதில்: கழிக்க முடியாது. வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் என்று நீங்கள் காட்டும் லாபம், தேய்மானம் உட்பட எல்லாச் செலவும் போக மிஞ்சியது என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. வேனுக்கு ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் கொடுக்கப்பட்டுவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான்கு ஆண்டுகள் உத்தேச முறையில் இருந்துவிட்டு ஐந்தாம் ஆண்டு முழுக் கணக்குக்கு மாறும்போது, வேனை வாங்கிய விலையில் தொடங்க முடியாது. நான்கு ஆண்டுத் தேய்மானம் போக மிஞ்சிய மதிப்பில்தான் தொடங்க வேண்டும். கமிஷன், தரகு வருமானம் உள்ளவர்களுக்கு 44ஏடி பிரிவு பொருந்தாது. ஆகவே ஸ்கூட்டரில் அலையும் காப்பீட்டு முகவர்கள் முதல் பதிலில் சொன்னபடி உண்மைச் செலவின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிவகாசியில் நாங்கள் மூன்று பேர் கூட்டாக அச்சகம் நடத்துகிறோம். கார்க் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பதால் ஒரு பங்குதாரர் பெயரில் கார் வாங்கினோம். முன்பணமும் தவணையும் அச்சகத்தின் வங்கிக் கணக்கிலிருந்தே போகின்றன. கூட்டு நிறுவனத்தின் கணக்கில் தேய்மானம் எழுதலாமா?

பதில்: இங்கேதான் ஆர்.சி.யில் இருக்கும் பெயர் உண்மையாகவே ஒரு பிரச்சினையாகிறது, ஏனென்றால் வருமான வரியில் கூட்டு நிறுவனம் வேறு, பங்குதாரர் வேறு; பான் எண்களும் வேறு. 32ஆம் பிரிவு தேய்மானம் தருவது சொத்தின் உரிமையாளருக்கு. அந்த உரிமை என்பது பதிவில் இருக்கும் பெயர் மட்டும்தானா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1999இல் மைசூர் மினரல்ஸ் வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வீடுகளை வாங்கிப் பணம் கொடுத்துக் கைவசம் எடுத்திருந்தது. பத்திரம் மட்டும் அதன் பெயரில் பதிவாகவில்லை. சொத்தைத் தன் உரிமையில் வைத்து ஆண்டு அனுபவிப்பவரே தேய்மானத்தின் நோக்கத்துக்கு உரிமையாளர் என்று நீதிமன்றம் கொண்டது. வாகனத்தைப் பற்றியே பேசிய தீர்ப்பும் உண்டு: 2013இல் ஐசிடிஎஸ் நிறுவனத்தின் வழக்கில், லாரிகள் குத்தகைக்கு எடுத்தவர்களின் பெயரில் பதிவாகியிருந்தும், அவற்றை வாங்கிக் குத்தகைக்கு விட்ட நிறுவனத்துக்கே தேய்மானம் உரியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே உங்கள் அச்சகம் தேய்மானம் கோரலாம். ஆனால் தீர்ப்புகளின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. உங்கள் ஆவணங்கள் அதே கதையைச் சொல்ல வேண்டும். கார் அச்சகத்தின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும், கடன் அதே குறிப்பில் பொறுப்பாகவும் வந்திருக்க வேண்டும். வசதிக்காகவே ஒரு பங்குதாரர் பெயரில் வாங்கப்பட்டது, கார் அச்சகத்துக்கு உரியது என்று மூவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று வாங்கிய சமயத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பங்குதாரர் தம் சொந்தக் கணக்கில் அதே காருக்குத் தேய்மானமோ வட்டியோ கோரக் கூடாது. பங்குதாரர்களின் வீட்டுப் பயன்பாட்டுக்கான பங்கு இங்கேயும் குறைக்கப்படும்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் அந்தக் குறைப்பு விஷயத்தில் நிலை சற்று வேறு. நிறுவனத்துக்குச் சொந்த வாழ்க்கை கிடையாது, ஆகையால் அதன் கணக்கில் சொந்தப் பயன்பாடு என்று கழிக்க இடமில்லை, இயக்குநர் அனுபவித்தது அவருடைய கையில் வரிக்குட்படும் சலுகை என்று குஜராத் உயர் நீதிமன்றம் சயாஜி அயர்ன் நிறுவனத்தின் வழக்கில் 2002இல் வெளியான தீர்ப்பில் கூறியது. அதனால் வரி மறைந்துவிடவில்லை. நிறுவனத்திடமிருந்து இயக்குநரின் கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கோவையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி பதிவு உண்டு. காரும் ஒரு சிறிய சரக்கு வண்டியும் வாங்க எண்ணியிருக்கிறேன். அவற்றுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாமா? இப்போதைய பழைய காரை விற்கப்போகிறேன். அதற்கும் ஜிஎஸ்டி உண்டு என்று ஷோரூமில் சொல்கிறார்கள்.

பதில்: காருக்கு எடுக்க முடியாது, சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17ஆம் பிரிவு 5ஆம் உட்பிரிவு, ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனங்களுக்கு உள்ளீட்டு வரியைத் தடுக்கிறது. வண்டிகளையே விற்கிறவர்கள், பயணிகளை ஏற்றித் தொழில் செய்கிறவர்கள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்கள் மட்டுமே விலக்கு. காரின் சர்வீஸுக்கும் காப்பீட்டுக்கும் கட்டும் ஜிஎஸ்டிக்கும் இதே தடைதான். கடைக்காகவே நூறு சதவீதம் ஓடும் கார் என்றாலும் தடை தளராது. இதில் ஆறுதல் ஒன்று உண்டு: எடுக்க முடியாத அந்த வரி காரின் அடக்க விலையில் சேர்ந்து தேய்மானமாகத் திரும்பும். சரக்கு வண்டிக்கு உள்ளீட்டு வரி எடுத்தால் அதே வரித் தொகைக்குத் தேய்மானமும் கோரக் கூடாது. வண்டிக்கு பில் போடும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். வெறும் சொந்தப் பெயரில் பில் வாங்கிவிட்டுப் பிறகு திருத்தக் கேட்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஷோரூமில் சொன்னது பாதி உண்மை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், தாம் தேய்மானம் கோரிவந்த காரை விற்றால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக எஞ்சிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் 2025 ஜனவரி முதல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எஞ்சிய மதிப்பு 4,10,000 ரூபாயாக இருந்து 4,60,000 ரூபாய்க்கு விற்றால், 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய் வரி. 3,80,000 ரூபாய்க்குத்தான் விலை போனது என்றால் வரியே இல்லை. முழு விற்பனை விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருபோதும் கணக்கில் கொண்டுவராத, வீட்டுக்கே பயன்பட்ட காராக இருந்தால், அந்த விற்பனை உங்கள் வியாபாரத்தில் சேராது. ஜிஎஸ்டியும் இல்லை, மூலதன ஆதாய வரியும் இல்லை. தேய்மானம் கோரிய காருக்கு வருமான வரியில் அந்தச் சலுகை கிடையாது: விற்ற தொகை, 15 சதவீதத் தேய்மானத்துக்குரிய சொத்துகளை ஒன்றாகச் சேர்த்த தொகுதியின் எஞ்சிய மதிப்பிலிருந்து கழியும், அதையும் தாண்டினால் தாண்டிய தொகை குறுகிய கால மூலதன ஆதாயமாகும்.

கார் இருக்கும்போது சரக்கு வண்டி எதற்கு என்று சிலர் பெயின்ட் டப்பாவையும் குழாயையும் காரிலேயே ஏற்றிவிடுகிறார்கள். தனியார் கார்க் காப்பீடு உங்கள் சொந்தத் தொழில் நிமித்தமான பயணத்தை ஏற்கும். மாதிரிப் பொருளையும் பயணப் பெட்டியையும் தவிர வேறு சரக்கை ஏற்றிச் செல்வதை ஏற்காது. விபத்து நேர்ந்தால் இழப்பு பெரிதாக இருக்கும், ஆகவே அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: திருச்சியில் மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். சொந்த பைக்கில்தான் டாக்டர்களைப் பார்க்கப் போகிறேன். பைக்கின் தேய்மானத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாமா?

பதில்: சம்பளக்காரருக்குத் தேய்மானமோ பெட்ரோல் செலவோ தனிக் கழிவாகக் கிடையாது, புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு, அது வண்டி இல்லாதவருக்கும் உண்டு. உங்களுக்கு வழி நிறுவனத்தின் மூலமாகத்தான். வேலை நிமித்தமான பயணத்துக்கென்று நிறுவனம் தரும் படியில் உண்மையாகச் செலவழித்த அளவுக்கு வரி இல்லை, புதிய முறையிலும் இல்லை. செலவைத் திருப்பித் தருகிறார்கள் என்றால், தேதி, போன இடம், தூரம், செலவு ஆகிய நான்கும் கொண்ட பதிவும் நிறுவனத்தின் சான்றும் இருந்தால் முழுத் தொகையும் வரிக்கு வெளியே நிற்கும். சொந்தப் பயன்பாடும் கலந்திருந்தால், 2025-26க்கான விதிப்படி இருசக்கர வண்டிக்கு மாதம் 900 ரூபாயும், 1.6 லிட்டர் வரையிலான எஞ்சின் உள்ள சொந்தக் காருக்கு மாதம் 1,800 ரூபாயும், அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2,400 ரூபாயும் அலுவலகப் பங்காகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சம்பளத்தில் சேர்ப்பார்கள். காருக்கு ஓட்டுநர் வைத்திருந்தால் இன்னொரு 900 ரூபாய். அலுவலகப் பங்கு இதைவிட அதிகம் என்றால், அதையும் அதே பதிவை வைத்து நிரூபிக்கலாம்.

கேள்வி: திருநெல்வேலியில் சமையல் ஆர்டர் எடுத்து நடத்துகிறேன். ஆண்டு முழுவதும் என் காரில்தான் ஆர்டர் பேசவும் மண்டபம் பார்க்கவும் போனேன். நோட்டு எதுவும் வைக்கவில்லை. கணக்கு எழுதும் தம்பி, இப்போது உட்கார்ந்து ஆண்டு முழுமைக்கும் ஒரு நோட்டு எழுதிவிடலாம் என்கிறான். செய்யலாமா அம்மா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரே பேனாவில், ஒரே கையெழுத்து ஓட்டத்தில், ஒரே நாளில் எழுதிய நோட்டை, பழக்கப்பட்ட கண் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் கண்டுபிடித்துவிடும். நீங்கள் உண்மையாகவே போய்வந்த பயணங்களும் அதன் பிறகு நம்பப்படாது. உழைத்து நடத்தும் தொழிலில் அப்படியொரு தாளை நீங்கள் வைத்திருக்கவே கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அன்றைய ஓடோமீட்டர் எண் அச்சாகியிருக்கும். இரண்டு பில்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், அந்தக் காலத்தில் கார் ஓடிய மொத்தத் தூரம். பாஸ்டேக் கணக்கு வெளியூர்ப் பயணங்களைத் தேதியோடு காட்டும். உங்கள் ஆர்டர் புத்தகத்தில் விருந்து நாள், மண்டபத்தின் பெயர், முன்பணம் வாங்கிய நாள் எல்லாம் இருக்கும். ஓர் ஆர்டருக்குக் குறைந்தது இரண்டு முறை, அதாவது பேச ஒரு முறை, விருந்தன்று ஒரு முறை போயிருப்பீர்கள். அம்பாசமுத்திரமோ தென்காசியோ, அந்த மண்டபத்துக்குப் போய்வரும் தூரத்தை அளந்து எழுதலாம். தாளின் தலையிலேயே “ஆர்டர் புத்தகம், சர்வீஸ் பில், பாஸ்டேக் கணக்கு ஆகியவற்றிலிருந்து பின்னர் கணக்கிட்டது” என்று எழுதி, தயாரித்த தேதியையும் போடுங்கள். அப்படிக் கணக்கிட்டதில் 55 சதவீதம் வந்தால், இந்த ஓர் ஆண்டுக்கு 50 சதவீதம் மட்டும் கோருங்கள். ஆதாரம் இல்லாத பயணங்களை விட்டுவிடுங்கள். அந்த பில்களையெல்லாம் ஓர் உறையில் போட்டு, மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து ஆறு ஆண்டுகள் வரை வைத்திருங்கள். தம்பியிடம் சொல்லி இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, முதல் வரியில் ஓடோமீட்டர் இப்போது காட்டும் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.